‘ர்’ போன வழி: ஆங்கிலத்தில் ‘நடுநிலை’ உச்சரிப்பு உருவாகும் விதம்

லண்டனில் நன்கு படித்தவர் ‘கார்’ என்ற சொல்லைக் ‘கா’ என்பார். கடைசி ரகர ஒற்று அவர் வாயில் வராது. நியூயார்க்கில் நன்கு படித்தவர் அந்த ஒற்றைத் தெளிவாக ஒலிப்பார். இங்கிலாந்துக்காரர் ஒருவர் அதை ஒலித்தால் மேற்கு நாட்டுப்புறத்துக் குடியானவர் என்று எண்ணுவார்கள். நியூயார்க்காரர் ஒருவர் அதை விழுங்கினால் பழைய தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவர் என்று எண்ணுவார்கள்.

ஒரு வட்டார உச்சரிப்பு ‘தரமானது’, ‘நடுநிலையானது’ என்ற தகுதியை எப்படிப் பெறுகிறது என்று ஆராய ஆங்கிலத்தில் இதைவிடத் தெளிவான நிகழ்வு கிடைப்பது அரிது. காரணம் ஒலியின் தன்மையில் இருந்திருந்தால் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் ஒரே தீர்ப்பு வந்திருக்கும். வரவில்லை. எனவே ஒலிக்கு வெளியே தேட வேண்டும். அதைப் பேசியவர்கள் யார், எந்தப் பள்ளி அதை வார்த்தது, எந்த அகராதி பதிந்தது, எந்த வேலைக்கு எந்தக் குரலை எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். இந்த ஆய்வு அந்த ஒற்றை ஒலியின் பின்னாலேயே போகிறது.

எழுத்து முதலில் நிலைத்தது

வட்டார வழக்கு வேறு, உச்சரிப்பு வேறு. வழக்கு என்றால் சொல்லும் இலக்கணமும் சேரும். உச்சரிப்பு ஒலி மட்டும். ஆங்கிலத்தில் இவ்விரண்டும் ஒரே காலத்தில் நிலைபெறவில்லை.

நார்மன் படையெடுப்புக்கு முன், வின்செஸ்டரை மையமாகக் கொண்ட மேற்குச் சாக்சன் வழக்கே ஆங்கிலத்தின் எழுத்துமொழி. 1066-க்குப் பின் அதைத் தாங்கிய அரசும் மடங்களும் கைமாறின; அந்த வழக்கும் தன் தகுதியை இழந்தது. அடுத்த தரமொழி லண்டனில் உருவானது. ஐந்தாம் ஹென்றி 1417 முதல் தம் கடிதங்களை ஆங்கிலத்தில் அனுப்பினார். வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அரசு அலுவலகமும் அச்சகமும் ஒரே ஊரில் அமைந்ததால் அந்த ஊரின் எழுத்து நாடெங்கும் போனது.

ஆனால் அது கலப்பில்லாத லண்டன் வழக்கு அன்று. கிழக்கு மிட்லண்ட்ஸிலிருந்து வந்து குடியேறியவர்களின் சாயல் அதில் கனமாக இருந்தது. ‘அவர்கள்’ என்னும் பொருளில் இன்று வழங்கும் ‘தே’, வடக்கில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள் கொண்டுவந்த சொல். ‘அவன் போகிறான்’ என்பதில் வினையின் இறுதியில் வரும் ஸகரமும் வடக்கத்திய வழக்கே. தெற்கில் ‘-எத்’ என்று முடித்தார்கள். இவற்றை இன்று யாரும் வட்டார வழக்கு என்று உணர்வதில்லை. வென்ற வழக்கின் பிறந்த ஊர் மறந்துபோகிறது. பேச்சொலிக்கு அந்த மறதி வர இன்னும் மூன்று நூற்றாண்டுகள் பிடித்தன.

லண்டனில் ஒற்றுக் கரைந்தது

1589-இல் இலக்கிய விமர்சகர் ஜார்ஜ் புட்டன்ஹாம் கவிஞர்களுக்கு ஓர் எல்லை வகுத்தார்: அரசவையின் பேச்சையும், லண்டனையும் அதைச் சுற்றிய 60 மைல் வட்டத்தின் பேச்சையும் பின்பற்ற வேண்டும். அப்போது தரம் என்பது ஓர் ஊரைச் சார்ந்தது. வரைபடத்தில் கவராயம் வைத்துக் குறிக்கக்கூடியது.

நாடகாசிரியர் பென் ஜான்சனின் ஆங்கில இலக்கணம் அவர் இறந்தபின் 1640-இல் அச்சானது. ரகரம் சொல்லின் முதலில் உறுதியாகவும் இடையிலும் கடையிலும் நெகிழ்ந்தும் ஒலிக்கும் என்று அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. 1791-இல் ஜான் வாக்கரின் உச்சரிப்பு அகராதி வந்தபோது நிலைமை வெகுதூரம் போயிருந்தது. ‘கார்ட்’, ‘பார்ட்’ போன்ற சொற்களில் லண்டன்வாசிகளின் ரகரம் தொண்டைக்குள் போய், நீண்ட ஆகாரத்துக்கு மேல் எதுவும் மிஞ்சுவதில்லை என்று அவர் எழுதினார். சொல் முதலில் வன்மையாகவும் கடைசியில் மென்மையாகவும் ஒலிப்பதே அவர் சொன்ன நடுவழி. ரகரம் விழுந்தால் மட்டுமே இயைபு பொருந்தும் சொற்களை எதுகையாக்கிய கவிஞர்களை, பத்தொன்பதாம் நூற்றாண்டு விமர்சகர்கள் லண்டன் கீழ்மக்களின் எதுகை என்று இகழ்ந்தார்கள். ஆனால் இகழ்ந்த வகுப்பாரின் வீடுகளிலும் அந்த ஒற்று மறைந்துகொண்டுதான் இருந்தது.

அதே லண்டனில், ஏறத்தாழ அதே காலத்தில், இன்னோர் ஒலியும் விழுந்துகொண்டிருந்தது. ‘ஹவுஸ்’ என்பதை ‘அவுஸ்’ என்றார்கள். இரண்டுக்கும் எழுத்தில் சான்று உண்டு. இரண்டையும் விடுவது எழுத்துக்கு மாறானது. ரகரத்தை விட்டது நாகரிகமாயிற்று. ஹகரத்தை விட்டது இன்றுவரை படிப்பின்மையின் அடையாளமாகவே இருக்கிறது. எங்கள் கணிப்பில் இதற்கு இரண்டு காரணங்கள். ரகரம் படிப்படியாக மெலிந்தது. போகும்போது முன்னிருந்த உயிரை நீட்டிவிட்டுப் போனது. ஆகவே ஆசிரியர் கையும் களவுமாகப் பிடிக்கும் தருணம் வாய்க்கவில்லை. ஹகரமோ இருக்கும் அல்லது இராது. உடனே காதில் படும். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. ரகரம் மெலிந்தபோது உயர்குடியினரின் பேச்சிலும் சேர்ந்தே மெலிந்தது. ஹகரத்தை உயர்குடியினர் விடவில்லை.

ரகரம் போனதில் ஒரு கோளாறும் பிறந்தது. அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் விழுந்த ஒற்று திரும்பி வரும்: தனியே ‘ஃபா’ என்பவர், தொடரில் ‘ஃபார் அவே’ என்பார். எந்தச் சொல்லில் முன்பு ரகரம் இருந்தது, எதில் இல்லை என்று காது அறியாததால், இல்லாத இடத்திலும் அது நுழையும். ‘ஐடியா ஆஃப்’ என்பது ‘ஐடியார் ஆஃப்’ ஆகும். ‘லா அண்ட் ஆர்டர்’ என்பதில் ‘லார் அண்ட்’ என்று கேட்கும். தரமான ஆங்கிலம் பேசுபவர்களே இப்படிப் பேசுகிறார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் ரகரத்தை இழக்கவில்லை. அதனால் அவர்களுக்கு இந்தக் குழப்பம் பொதுவாக இல்லை. தரம் என்று பெயர் வாங்கிய உச்சரிப்பு குறைபாடற்றது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உறைவிடப் பள்ளி என்னும் அச்சு

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அகராதியும் பேச்சுப் பயிற்சி நூலும் சந்தையில் நிறைந்தன. அவற்றால் மட்டும் ஒரு தலைமுறையின் வாய் மாறவில்லை, மாறவும் மாறாது. சிறு குழந்தைகள் உச்சரிப்பைப் பெற்றோரிடம் தொடங்குகிறார்கள். பிறகு கூட விளையாடும் பிள்ளைகளிடம் முடித்துக்கொள்கிறார்கள். ஏழெட்டு வயதுக்குள் புது ஊருக்குப் போகும் பிள்ளை அந்த ஊர்ப் பேச்சைப் பெரும்பாலும் முழுமையாகப் பிடித்துவிடும். பதின்ம வயதைத் தாண்டியபின் போனால் சில ஒலிகள் மட்டுமே மாறும். புத்தகத்தைப் பார்த்து முப்பது வயதில் மாற்ற முயல்பவர், தெரிந்த பத்துச் சொற்களை மாற்றுவார். பதினோராவது சொல்லில் பழைய ஒலி வந்துவிடும்.

இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளிகள் இந்த உண்மையை அறியாமலே மிகத் திறம்படப் பயன்படுத்தின. ஏழெட்டு வயதில் ஆயத்தப் பள்ளி, 13 வயதில் பெரிய பள்ளி. ஊர்ப் பிள்ளைகளோடு உறவு அறுந்தது. ரயில் வந்ததால் நாட்டின் எந்த மூலையிலிருந்தும் பிள்ளையை அனுப்ப முடிந்தது. தாமஸ் ஆர்னால்ட் 1828 முதல் 1842 வரை ரக்பி பள்ளித் தலைமையாசிரியராக இருந்து செய்த சீர்திருத்தங்களுக்குப் பின் இத்தகைய பள்ளிகள் பெருகின. பேச்சைத் திருத்தும் வேலையை ஆசிரியர்களைவிட உடன்பயின்ற மாணவர்களே அதிகம் செய்தார்கள். லங்காஷயர் உயிரொலியோடு வந்த பிள்ளை கேலிக்கு ஆளானான். சில மாதங்களில் மாறினான்.

பிரதமர்கள் ராபர்ட் பீலும் கிளாட்ஸ்டனும் வடமேற்கு இங்கிலாந்தின் சாயலை இறுதிவரை வைத்திருந்தார்கள் என்பது பதிவான செய்தி. அது அவர்களைத் தடுக்கவில்லை. அடுத்த இரண்டு தலைமுறைகளில் அப்படி ஒருவர் அந்தப் பதவிக்கு வருவது கடினமாயிற்று. பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம், அங்கிருந்து படை, திருச்சபை, இந்திய சிவில் சர்வீஸ் என்று ஒரே வழியில் போனவர்கள் ஒரே குரலில் பேசினார்கள். மதராஸ் மாகாணத்தின் கலெக்டர் பேசிய ஆங்கிலம் அந்த அச்சில் வார்த்தது. நம் பாட்டன்மாருக்கு ‘நல்ல இங்கிலீஷ்’ என்றால் அந்தக் குரல்தான்.

புட்டன்ஹாமின் 60 மைல் வட்டம் இப்போது தேவைப்படவில்லை. பேசுபவர் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியாது. எந்த வகுப்பு என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். ஊர் அடையாளம் உதிர்ந்ததால்தான் அதை ‘நடுநிலை’ என்று சொல்ல முடிந்தது. இந்த இடத்தில்தான் முழு ஏமாற்றும் இருக்கிறது என்று கருதுகிறோம்: ஊர் தெரியாத பேச்சு எல்லோருக்கும் பொதுவான பேச்சு ஆகிவிடாது.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் டேனியல் ஜோன்ஸ் 1917-இல் தம் உச்சரிப்பு அகராதியில் இதற்கு ‘பப்ளிக் ஸ்கூல் புரொனன்சியேஷன்’ என்றே பெயரிட்டார்; இங்கிலாந்தில் ‘பப்ளிக் ஸ்கூல்’ என்றால் அந்தத் தனியார் உறைவிடப் பள்ளிகள்தான். நேர்மையான பெயர். 1926 பதிப்பில் அதை ‘ரிசீவ்டு புரொனன்சியேஷன்’ என்று மாற்றினார்; சுருக்கமாக ஆர்.பி. பள்ளியின் பெயர் போனபின் அது இயற்கையாக விளைந்ததுபோல் தோன்றத் தொடங்கியது. 1970-களில் மொழியியலாளர் பீட்டர் டிரட்கில் கணித்தபடி, பிரிட்டனில் அதைப் பேசியவர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ 3 விழுக்காடு.

பிபிசி செய்ததும் செய்யாததும்

ஆர்.பி.யைப் பிபிசிதான் உருவாக்கியது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது தவறு. பிபிசி தொடங்கியது 1922-இல். அச்சு அதற்கு முன்பே ஆயத்தம். பிபிசியின் முதல் தலைவர் ஜான் ரீத் ஸ்காட்லாந்துக்காரர். அவர் 1926-இல் பேச்சு ஆங்கிலத்துக்கு ஓர் ஆலோசனைக் குழு அமைத்தார். அரசவைக் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் தலைவர். அவருக்குப் பின் பெர்னார்ட் ஷா. செயலாளர் ஆர்தர் லாயிட் ஜேம்ஸ். உறுப்பினர்களில் டேனியல் ஜோன்ஸும் லோகன் பியர்சால் ஸ்மித்தும் உண்டு. ஷா டப்ளினில் பிறந்தவர், லாயிட் ஜேம்ஸ் வேல்ஸ்காரர், ஸ்மித் அமெரிக்காவில் பிறந்தவர். இதற்கு முன் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயருக்கே பேச்சுப் பயிற்சி நடத்திய தாமஸ் ஷெரிடனும் டப்ளின்காரரே. தரத்தை வகுத்தவர்களில் வெளியூர்க்காரர்கள் இத்தனை பேர் இருப்பது தற்செயல் அன்று. உள்ளே பிறந்தவருக்கு அது பேச்சு; வெளியிலிருந்து வந்தவருக்கு மட்டுமே அது விதி.

குழுவின் அன்றாட வேலை சிறியது. அறிவிப்பாளர்கள் தடுமாறும் சொற்களையும் ஊர்ப் பெயர்களையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உச்சரிப்பைப் பரிந்துரைத்து, கையேடாக வெளியிட்டது. 1939-இல் போர் தொடங்கியதும் நின்றது. எந்த ஊர்க் குரலைப் பணிக்கு எடுப்பது என்ற பெரிய முடிவு குழுவில் எடுக்கப்படவில்லை, ஆள்தேர்வில் எடுக்கப்பட்டது.

பல பத்தாண்டுகள் நாடெங்கும் வானொலி அந்தக் குரலில் பேசியும், பர்மிங்காம் பர்மிங்காமாகவே பேசியது. நியூகாசில் நியூகாசிலாகவே பேசியது. வானொலியோடு யாரும் எதிர்நின்று பேசுவதில்லை; உச்சரிப்போ எதிர்நின்று பேசும்போதுதான் நகர்கிறது. ஆனால் வானொலி இன்னொன்றைச் செய்தது. மக்கள் தம் பேச்சை மாற்றிக்கொள்ளாமலே அதைக் குறைவாக எண்ணப் பழகினார்கள். 1941-இல் யார்க்ஷயர்காரர் வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் தேசியச் செய்தி வாசிக்க அமர்த்தப்பட்டார். ஜெர்மானியர்கள் போலிச் செய்தி வாசித்தால் இந்தக் குரலைப் பின்பற்றுவது கடினம் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. வந்தது எதிர்ப்பு. சொல்லும் செய்தியும் மாறவில்லை. நம்பகம் மட்டும் குறைந்ததாகக் கேட்டவர்கள் உணர்ந்தார்கள்.

இதை 1970-களில் சமூக உளவியலாளர் ஹவர்ட் ஜைல்ஸ் அளந்து காட்டினார். அவர் முறை இது. ஒரே ஆளைப் பல உச்சரிப்புகளில் ஒரே பனுவலைப் பேசவைத்துப் பதிவு செய்ய வேண்டும். கேட்பவரிடம் இவர்கள் வெவ்வேறு ஆட்கள் என்று சொல்லி, அறிவு, நேர்மை, நட்பு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் வாங்க வேண்டும். திறமையில் ஆர்.பி. மேலே நின்றது, பெருநகரத் தொழிலாளர் உச்சரிப்புகள் கீழே போயின. ஆனால் மனத்தை மாற்றும் வலிமையில் வட்டாரக் குரல்கள் குறைந்துபோகவில்லை. இந்த முறையில் தவறக்கூடிய இடம் ஒன்று உண்டு: பேசுபவர் ஒரு வழக்கைக் கேலிச்சித்திரம்போல் மிகைப்படுத்தினால் கேட்பவர் அந்த மிகைக்கு மதிப்பெண் போடுவார். அந்தந்த ஊர்க்காரரிடம் பதிவை முன்கூட்டியே காட்டிச் சரிபார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.

கடல் தாண்டிய ஒற்று

பாஸ்டன், நியூயார்க், ரிச்மண்ட், சார்ல்ஸ்டன் ஆகிய துறைமுகங்கள் லண்டனோடு நெருங்கி வணிகம் செய்தன. அங்குள்ள மேட்டுக்குடியினர் ரகரத்தை விட்டுவிடும் லண்டன் பழக்கத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அயர்லாந்தின் வடபகுதியான உல்ஸ்டரிலிருந்து வந்த ஸ்காட்-ஐரிஷ் குடியேறிகள் பெருமளவில் இறங்கிய பிலடெல்ஃபியாவில் ஒற்று நின்றது. அவர்கள் அதை அப்பலாச்சிய மலைகளைத் தாண்டி உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை அமெரிக்க நாடக மேடையும் கிழக்குக் கரைத் தனியார் பள்ளிகளும் ‘கா’ என்றே பயிற்றுவித்தன. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1933-இல் பதவியேற்றபோது அச்சத்தைப் பற்றிச் சொன்ன புகழ்பெற்ற வாக்கியத்தில் ‘ஃபியர்’ என்பது ‘ஃபியா’ என்றே பதிவாகியிருக்கிறது. உயர்குடிப் பேச்சின் முத்திரை அது.

இதற்குள் இன்னோர் ஊரில் வேறொரு வேலை நடந்தது. ஒஹாயோ மாநிலத்தின் வடகிழக்கில் ஹைரம் கல்லூரிப் பேராசிரியர் ஜான் கென்யன், 1924-இல் அமெரிக்க உச்சரிப்பு நூல் எழுதினார்; அடிப்படையாகத் தம் வட்டாரப் பேச்சையே வைத்தார். இதுவே சரியானது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் வெப்ஸ்டரின் 1934 பேரகராதிக்கு உச்சரிப்பு ஆலோசகரானார். 1944-இல் தாமஸ் நாட் என்பவரோடு சேர்ந்து அமெரிக்க உச்சரிப்பு அகராதியையும் வெளியிட்டார். ஜேம்ஸ் பெண்டர் என்பிசி வானொலிக்காக 1943-இல் தொகுத்த உச்சரிப்புக் கையேடு ‘ஜெனரல் அமெரிக்கன்’ என்னும் பேச்சை அறிவிப்பாளர்களுக்கு முன்மாதிரியாக வைத்தது. அப்பெயருக்குள் இருந்தது நியூயார்க்கும் இல்லை, பாஸ்டனும் இல்லை, தெற்கும் இல்லை. ரகரத்தை ஒலித்த உள்நாடும் மேற்கும் இருந்தன.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் நாட்டின் பெரும்பான்மையும் பொருளாதார வலுவும் ரகரக்காரர்கள் பக்கம் இருந்தன. பிரிட்டனின் செல்வாக்கு சரிந்தது. கிழக்குத் துறைமுக நகரங்களின் பேச்சோ, இத்தாலிய, யூத, ஐரிஷ் குடியேறிகளின் பேச்சு என்று மற்றவர்கள் மனத்தில் பதிந்துவிட்டது. அவர்கள்மீது இருந்த வெறுப்பும் இந்த மாற்றத்தில் பங்கு வகித்தது என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. அந்த வாதம் வலுவானது என்றே நினைக்கிறோம். கறுப்பின அமெரிக்கர் பலர் இன்றும் அந்த ஒற்றை விட்டே பேசுகிறார்கள். ரூஸ்வெல்ட்டின் வாயில் மதிப்பாக இருந்தது அவர்கள் வாயில் குறையாக எண்ணப்படுகிறது.

‘நான்காம் மாடி’: மூன்று கடைகளில் ஓர் அளவீடு

தீர்ப்பு மாறும் தருணத்தைப் பிடித்தவர் அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ். 1962 நவம்பரில் நியூயார்க்கின் மூன்று டிபார்ட்மென்ட் ஸ்டோர்களைத் தேர்ந்தெடுத்தார்: விலை உயர்ந்த சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ, நடுத்தரமான மேசிஸ், மலிவான எஸ். கிளைன். அவர் செய்த முறையை விரிவாகச் சொல்வது தகும். இன்றும் ஒருவர் நோட்டும் பேனாவும் வைத்துச் செய்யக்கூடிய ஆய்வு அது.

நான்காம் மாடியில் விற்கும் ஒரு பொருளை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, கடை ஊழியரிடம் வாடிக்கையாளர்போல் அது எங்கே இருக்கிறது என்று கேட்பார். பதில் ‘ஃபோர்த் ஃப்ளோர்’. காதில் விழாததுபோல் சற்றே முன்சாய்ந்து மறுபடி கேட்பார். ஊழியர் இம்முறை அழுத்திச் சொல்வார். நான்காம் மாடியிலேயே இருந்தால், இது எந்த மாடி என்று கேட்பார். ஆக ஓர் ஆளிடமிருந்து நான்கு ரகரங்கள்: மெய்க்கு முன் வரும் ஒன்றும் சொல்லின் கடைசியில் வரும் ஒன்றும், இயல்பாக ஒரு முறை, கவனத்தோடு ஒரு முறை. உடனே மறைவாகப் போய்க் கடை, மாடி, ஆணா பெண்ணா, தோராய வயது, வேலை ஆகியவற்றோடு குறித்துக்கொள்வார். இப்படி 264 பேர்.

சாக்ஸ் ஊழியர்களில் 62 விழுக்காட்டினர் சில இடங்களிலேனும் ரகரத்தை ஒலித்தார்கள். மேசிஸில் 51. எஸ். கிளைனில் ஏறத்தாழ 20. மேசிஸ் ஒன்றுக்குள்ளேயே மேற்பார்வையாளர் அதிகம் ஒலித்தார், விற்பனையாளர் அதற்குக் குறைவு, சரக்கு அடுக்குபவர் அதற்கும் குறைவு. இரண்டாம் முறை சொன்னபோது பலருக்கு ரகரம் கூடியது. மேசிஸில் இந்த ஏற்றம் குறிப்பாகத் தெரிந்தது. எது ‘சரி’ என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கவனம் வைத்தால்தான் வந்தது.

குறைகள் உண்டு. ஒலிப்பதிவு இல்லை, ஒருவர் காதை மட்டும் நம்ப வேண்டும். வயது ஊகம். ஊழியரின் குடும்பப் பின்னணி தெரியாது. கடையின் தரத்தையே அவர் தரமாகக் கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால் லபோவ் இதை முன்னோட்டமாக வைத்து, வீடு வீடாகப் போய்ப் பெரிய பேட்டி ஆய்வும் செய்து 1966-இல் வெளியிட்டார்.

அந்தப் பெரிய ஆய்வில்தான் முக்கியமான செய்தி இருக்கிறது. குரல்களைக் கேட்கவைத்து, இவர் தொலைக்காட்சிக்குத் தகுவாரா, நிர்வாகச் செயலாளராகத் தகுவாரா, விற்பனைப் பெண்ணாகவா, ஆலைத் தொழிலாளியாகவா என்று கேட்டார். 18 முதல் 39 வயது வரையில் உள்ள அனைவரும் ரகரத்தை ஒலித்த குரலுக்கே மேலான வேலையைக் கொடுத்தார்கள். தாங்களே அதை ஒலிக்காதவர்களும் அப்படித்தான் கொடுத்தார்கள். தாம் ஒலிப்பதாக நம்பியவர்கள் பலர், பதிவில் ஒலிக்கவில்லை. கீழ்நடுத்தர வகுப்பினர் சொற்பட்டியலை வாசிக்கும்போது மேல்நடுத்தர வகுப்பினரையும் மிஞ்சி ரகரத்தைப் போட்டார்கள். மேலே ஏறத் துடிப்பவர் விதியை விதித்தவரைவிடக் கடுமையாகக் கடைப்பிடிப்பார்.

முதலில் தீர்ப்பு மாறுகிறது; பேச்சு அதன் பின்னால் மெதுவாக வருகிறது. பிந்தைய பத்தாண்டுகளில் இதே கடை ஆய்வைத் திரும்பச் செய்தவர்கள் ரகரம் கூடியிருப்பதைக் கண்டார்கள், ஆனால் வேகம் குறைவு.

முன்மாதிரி ஊரே நகர்ந்தது

கென்யனின் ஊர் கிளீவ்லண்டுக்கு அருகில். அந்த ஏரிக்கரைப் பட்டையில், கிளீவ்லண்ட், டெட்ராய்ட், சிகாகோ, பஃபலோ நகரங்களில், இருபதாம் நூற்றாண்டில் உயிரொலிகள் சங்கிலிபோல் ஒன்றையொன்று தள்ளி இடம் மாறின. கட்டடத் தொகுதியைக் குறிக்கும் சொல்லை (block) அவர்கள் சொன்னால் வெளியூரார் காதில் ‘கறுப்பு’ (black) என்று விழும் அளவுக்கு மாற்றம். அமெரிக்க நடுநிலைக்கு அளவுகோலாக இருந்த வட்டாரமே இன்று தனி அடையாளம் உள்ள வட்டாரம்.

அங்குள்ளவர்கள் அதை அறிவதில்லை. மொழியியலாளர் நான்சி நீட்ஸியெல்ஸ்கி 1999-இல் வெளியிட்ட ஆய்வில் டெட்ராய்ட்வாசிகளுக்கு டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஒரு பெண்ணின் பேச்சைக் கேட்கவைத்து, அதற்கு ஒத்த உயிரொலியைச் செயற்கை ஒலிகளிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொன்னார். பேசுபவர் கனடாக்காரர் என்று சொல்லப்பட்டவர்கள் ஒரு விதமாகத் தேர்ந்தெடுத்தார்கள். மிச்சிகன்காரர் என்று சொல்லப்பட்டவர்கள் வேறு விதமாக. தம் ஊர்ப் பேச்சில் விலகல் இருக்காது என்ற நம்பிக்கை காதையே மாற்றிவிட்டது. பிரிட்டனிலும் நிலை நகர்ந்திருக்கிறது: எலிசபெத் அரசியின் 1950-களின் கிறிஸ்துமஸ் உரைகளையும் 1980-களின் உரைகளையும் ஜோனதன் ஹாரிங்டன் குழுவினர் அளந்தபோது, அரசியின் உயிரொலிகளே பொதுவான தென் இங்கிலாந்துப் பேச்சை நோக்கி நகர்ந்திருந்தன. 2000-இல் வெளியான ஆய்வு அது.

சென்னைக் கால் சென்டரில் ‘நியூட்ரல் ஆக்சென்ட்’

இந்தியக் கால் சென்டர்களின் பயிற்சி அறைகளில் ‘ஆக்சென்ட் நியூட்ரலைசேஷன்’ என்பது அன்றாடச் சொல். அங்கே கற்பிக்கப்படுவதில் பாதி தேவையானது. மீதி அடையாள மாற்றம். இரண்டையும் பிரிக்க மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-இல் முன்வைத்த பட்டியல் உதவும். வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது எந்த ஒலிப்பிழையால் புரிதல் முறிகிறது என்று பார்த்து அவர் தொகுத்தது அது.

தமிழர்களுக்கு அதில் இயல்பாகவே கைவசம் இருப்பவை சில. குறில், நெடில் வேறுபாடு நம் காதில் பிறவியிலேயே உண்டு; ‘ஷிப்’, ‘ஷீப்’ குழம்பாது. ரகர ஒற்றை எழுத்தில் உள்ளபடி ஒலிப்பதையே ஜென்கின்ஸ் பரிந்துரைக்கிறார். பெரும்பாலான தமிழர் அப்படித்தான் ஒலிக்கிறோம். ஆர்.பி.யைப் பார்த்து அதை விழுங்கப் பழகுவது வீண் உழைப்பு.

கவனிக்க வேண்டியவை வேறு. சொல் முதலில் வரும் ப, ட, க ஒலிகளை ஆங்கிலத்தில் மூச்சு வெடிக்கச் சொல்ல வேண்டும். தமிழில் அந்த மூச்சு இல்லாததால் ‘பின்’ என்று நாம் ஊசியைச் சொன்னால் அவர்கள் காதில் குப்பைத்தொட்டி விழும். வாய்முன் மெல்லிய காகிதத்தைப் பிடித்துச் சொல்லிப் பார்த்தால் அது அசைய வேண்டும். இரண்டாவது, தொடரில் எந்தச் சொல்லுக்கு அழுத்தம் என்பது. ‘திங்கட்கிழமை இல்லை, செவ்வாய்’ என்று மறுக்கும்போது அழுத்தம் தவறினால் பொருளே போய்விடும். மூன்றாவது, மெய்க்கூட்டம். ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்றாலும், ‘புக்’ என்பதைப் ‘புக்கு’ என்றாலும் கேட்பவர் பெரும்பாலும் சமாளிப்பார். உயிரைச் சேர்ப்பதைவிட மெய்யை விழுங்குவதே கேடு.

நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற ‘த’வுக்கு ஜென்கின்ஸ் பட்டியலில் இடமில்லை. பயிற்சி அறைகளில் அதற்கு மணிக்கணக்கில் நேரம் போகிறது. இன்னொரு பொதுவான தவறு அரைகுறை அமெரிக்கச் சாயல்: நாக்கை மிகையாகச் சுருட்டுவதும், ‘வாட்டர்’ என்பதில் டகரத்தை எல்லா இடத்திலும் ரகரம்போல் ஆக்குவதும். முன்பின் முரணான இந்தக் கலவை, சீரான தமிழ்ச் சாயலைவிடப் புரிந்துகொள்ளக் கடினம். கேட்பவரின் காது சில வாக்கியங்களிலேயே புதிய உச்சரிப்புக்குப் பழகத் தொடங்கும். பழக விதி சீராக இருக்க வேண்டும்.

புதிய வாசல்: கணினி

வானொலி நிலையமும் உறைவிடப் பள்ளியும் செய்த வேலையில் ஒரு பங்கை இப்போது பேச்சறி மென்பொருள் எடுத்துக்கொண்டுவிட்டது. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த கோனெக்கே குழுவினர் 2020-இல் ஐந்து பெரிய நிறுவனங்களின் மென்பொருளைச் சோதித்தார்கள். வெள்ளையின அமெரிக்கரின் பேச்சில் 100 சொற்களுக்குச் சராசரியாக 19 பிழை. கறுப்பின அமெரிக்கரின் பேச்சில் 35. பயிற்சிக்கு ஊட்டிய பேச்சில் அவர்கள் குரல் போதாமல் இருந்ததே முதன்மைக் காரணமாகச் சுட்டப்பட்டது. அகராதி தொகுத்தவரின் ஊர் தரமானதுபோல, தரவில் நிறைந்தவரின் பேச்சு தரமாகிறது. பேசுபவரின் உச்சரிப்பை அழைப்பின் நடுவிலேயே மாற்றித் தரும் மென்பொருளும் சந்தைக்கு வந்துவிட்டது.

ஆள் எடுப்பவர்களும் பயிற்சி தருபவர்களும் ‘நியூட்ரல்’ என்ற கட்டத்தில் மதிப்பெண் போடுவதை நிறுத்திவிட்டுப் புரிதலை அளக்கலாம். செலவு அதிகம் இல்லை. ஊகித்து நிரப்ப முடியாத 20, 30 குறு வாக்கியங்களை விண்ணப்பதாரர் வாசித்துப் பதிவு செய்யட்டும். அவர் குரலை முன்பு கேட்டிராத, வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்த மூவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒருமுறை மட்டும் கேட்டு எழுதட்டும். எத்தனை சொல் சரியாக விழுந்தது என்று எண்ணுங்கள். மூவருக்குமே தவறிய சொற்களை மட்டும் எடுத்து, எந்த ஒலியால் தவறியது என்று பாருங்கள். பயிற்சி அதற்கு மட்டும் போதும். மூவரில் ஒருவருக்கு மட்டும் தவறியிருந்தால் சிக்கல் அந்தக் காதில் இருக்கக்கூடும். பேசியவர் மதிப்பெண்ணில் அதைக் கழிக்காதீர்கள்.